காசுக்கு எட்டு

முந்திரிப் பருப்புக்கு ஆங்கிலத்தில் 'கேஷ்யூ நட்' என்ற பெயர் வந்ததைப் பற்றித் தமிழில் ஒரு கதை உலவுகிறது. தெருவில் முந்திரி விற்றவர் 'காசுக்கு எட்டு, காசுக்கு எட்டு' என்று கூவினாராம். அதைக் கேட்ட வெள்ளைக்காரர் கூவலையே பண்டத்தின் பெயராக எடுத்துக்கொண்டாராம். 'காசுக்கெட்டு' மருவிக் 'கேஷ்யூ நட்' ஆயிற்றாம். கதை அழகாகத்தான் இருக்கிறது. விற்பவர் வாயும் வாங்குபவர் செவியும் விலையும் எண்ணிக்கையும் இதில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. 'நட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக்கூட 'எட்டு' என்று ஒரு தமிழ் மூலம் கிடைத்துவிடுகிறது. ஆனால் மரத்தின் வரலாறு கதைக்கு இடம் கொடுக்கவில்லை. முந்திரி பிரேசில் நாட்டு மரம். அங்கே துப்பி மொழி பேசிய மக்கள் அதை 'அகஜு' என்றார்கள். 1550களில் பிரேசிலுக்குப் போய்வந்த பிரெஞ்சுத் துறவி ஆந்திரே தெவே தம் நூலில் அந்த மரத்தை விவரித்திருக்கிறார். போர்ச்சுகீசியர் முதலெழுத்தை உதிர்த்துக் 'கஜு' என்றார்கள். மரத்தை நம் மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. இந்தியின் 'காஜூ', ஆங்கிலத்தின் 'கேஷ்யூ' இரண்டும் அவர்கள் விட்டுச்சென்ற சொல்லின் பிள்ளைகள். மலையாளத்தில் இந்த மரத்துக்குப் 'பறங்கிமாவு' என்றே பெயர். யார் கொண்டுவந்தார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

கதையைக் கட்டியவரை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அவர் நினைத்தது வேறொரு சொல்லின் விஷயத்தில் நடந்தே இருக்கிறது. 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் இங்கிலாந்தின் தென்கிழக்கே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. சென்னை மாகாணப் புழக்கத்துக்கென்று பர்மிங்காம் அருகே சோஹோ நாணயச்சாலையில் அடித்த செப்புக்காசுகள் அதில் டன் கணக்கில் இருந்தன. 1980களில் கடலடியிலிருந்து ஏராளமாக மீட்கப்பட்ட அந்தக் காசுகளில் ஒரு பக்கம் பாரசீக எழுத்தும், அதன் கீழே ரோமன் எழுத்தில் '20 கேஷ்' என்ற மதிப்பும் இருக்கின்றன. இன்றைய ஆங்கில வாசகர் இதைப் பார்த்தால் 'ரொக்கம்' என்றுதான் படிப்பார். அங்கே பொறித்திருப்பது தமிழ்க் 'காசு'. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது அன்றைய சென்னைக் கணக்கு. காசு போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், தென்னிந்தியச் செப்புக்காசுக்கு மட்டுமல்லாமல் சீனாவின் ஓட்டைக்காசுக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. அப்படியானால் நாம் கடையில் கொடுக்கும் 'கேஷ்' தமிழ்ச்சொல்தானா? இல்லை. அந்தக் 'கேஷ்' பிரெஞ்சு 'காஸ்', இத்தாலியக் 'காஸ்ஸா' ஆகியவற்றின் வழியாக லத்தீன் 'காப்ஸா'வுக்குப் போகிறது. அதற்குப் பெட்டி என்று பொருள். பணம் வைக்கும் பெட்டியைக் குறித்த சொல் மெல்லமெல்லப் பெட்டிக்குள் இருந்த பணத்தைக் குறிக்கலாயிற்று. ஒரே எழுத்துகள், ஒரே உச்சரிப்பு, இரண்டுக்கும் பணம் என்ற பொருள். இருந்தும் இவை இரண்டு வெவ்வேறு சொற்கள்.

ஆங்கில அகராதியில் இதே சுற்றுவட்டாரத்தில் இன்னும் சிலர் குடியிருக்கிறார்கள். வங்கியில் உட்கார்ந்திருக்கும் 'கேஷியர்' பெட்டிக் குடும்பத்தவர். ஓர் அதிகாரியை இழிவுபடுத்திப் படையிலிருந்து நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்றுதான் வினைச்சொல். அது பண விவகாரமே அல்ல. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்துப் போர்களுக்குப் போன ஆங்கிலேயர் டச்சு மொழியிலிருந்து எடுத்துவந்த சொல் அது; அதன் மூலம் 'செல்லாததாக்கு' என்று பொருள்படும் பிரெஞ்சு வினை. கணிப்பொறிக்காரர்கள் சொல்லும் 'கேஷ்' நினைவகம், ஒளித்துவைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். கனடாக் காடுகளில் தோலுக்காக வேட்டையாடியவர்கள் உணவைப் பதுக்கிய குழிகளிலிருந்து அது ஆங்கிலத்துக்கு ஏறியது. 'கேஷ்மியர்' கம்பளியில் இருப்பது காஷ்மீர். பெட்டி, காசு, பணிநீக்கம், பதுக்கல், பள்ளத்தாக்கு, பிரேசில் மரம் என்று ஆறு இடங்களிலிருந்து வந்தவை இன்று அண்ணன் தம்பிகள் போலக் காட்சியளிக்கின்றன. காரணம் ரகசியமானதல்ல. பிரெஞ்சு, டச்சு மொழிகளின் அழுத்தமான 'ஸ்', போர்ச்சுகீசியத்தின் 'ஷ', துப்பிச் சொல்லின் 'ஜு' எல்லாவற்றையும் ஆங்கில வாய் ஒரே 'ஷ்' ஒலிக்குள் தள்ளியது. அச்சகம் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே எழுத்துக்கூட்டலைக் கொடுத்து உறுதிப்படுத்தியது. வெள்ளம் அடித்துவந்த கூழாங்கற்கள் ஒரே வழவழப்பாக இருப்பதால் அவை ஒரே மலையில் உடைந்தவை என்று ஆகிவிடாது.

ஒற்றுமை என்பது விசாரணையைத் தொடங்கக் கிடைக்கும் ஒரு காரணம்; தீர்ப்பு அதிலேயே அடங்கியிருக்கவில்லை. தீர்ப்புக்கு வேறொரு வழி உண்டு. இரண்டு சொற்களையும் காலத்தில் பின்னோக்கி நடத்திப் பார்க்க வேண்டும். உறவு மெய்யானால், போகப்போக அவை நெருங்கிவரும், பொய்யானால் விலகிப்போகும். பெட்டியின் 'கேஷ்' பின்னோக்கிப் போகும்போது 'காஸ்ஸா' ஆகி, 'காப்ஸா' ஆகி, நடுவில் ஒரு 'ப்' முளைத்துத் தமிழிலிருந்து விலகுகிறது. நாணயத்தின் 'கேஷ்' எதிர்த்திசையில் நடந்து சங்க நூல்கள் வரை போகிறது. குறுந்தொகைப் பாடல் ஒன்று கிளி அலகில் பற்றிய வேப்பம்பழத்தைப் பொற்கொல்லன் நூல் கோக்கப் பிடித்த பொற்காசுக்கு ஒப்பிடுகிறது. சமஸ்கிருதத்தின் 'கர்ஷ' என்ற எடைச்சொல்லோடு காசைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் லத்தீன் பெட்டிக்கு அதில் பங்கில்லை. இதில் ஒரு வேடிக்கை, இரண்டும் முதலில் கலந்தது ஆங்கிலத்தில் அல்ல. போர்ச்சுகீசியத்தில் பெட்டிக்குக் 'கைஷா' என்று பெயர். காசைக் கேட்டவர்கள் அதையும் தங்களுக்குப் பழக்கமான பெட்டியின் எழுத்திலேயே எழுதிவைத்தார்கள். புதிய சொல்லுக்குப் பழைய சட்டையை மாட்டுவது மனித வழக்கம். முந்திரிக் கதையைக் கட்டியவரும் அதைத்தான் செய்தார்.

பின்னோக்கி நடக்கும் சோதனையில் தமிழுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வெற்றி இஞ்சி. ஆங்கில 'ஜிஞ்சர்' பழைய ஆங்கிலத்தில் 'ஜிஞ்சிஃபர்', லத்தீனில் 'ஜிஞ்சிபர்', முதல் நூற்றாண்டு மருத்துவர் டயஸ்கோரிடஸின் கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்', பாலியில் 'சிங்கிவேர'. இன்னும் ஓரடி வைத்தால் 'இஞ்சிவேர்'. ஒவ்வோர் அடியிலும் சொல் நம்மை நோக்கியே வருகிறது. மிளகும் இஞ்சியும் ஏற்றிய கப்பல்கள் சென்ற கடல்வழியும் அதே திசையில் இருக்கிறது. ஆலன் ராஸ் என்ற ஆங்கில மொழியியலாளர் 1952இல் இந்த ஒரு சொல்லின் பயணத்துக்காகவே தனி நூல் எழுதினார். 'தமிழில் இஞ்சி உயிரெழுத்தில் தொடங்குகிறதே, பாலியின் முதல் சகரம் எங்கிருந்து வந்தது?' என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கு விடையும் இருக்கிறது. திராவிட மொழிகளில் பழைய முதற்சகரம் தமிழில் பல சொற்களில் உதிர்ந்துவிட்டது. தமிழின் 'ஆறு' என்ற எண் கோண்டியில் 'சாருங்'. தமிழில் கொடுத்தலைக் குறிக்கும் 'ஈ' கோண்டியில் 'சீ'. அதே விதிப்படி இஞ்சிக்கும் முன்னொரு காலத்தில் சகரம் இருந்திருக்க வேண்டும். பாலியும் கிரேக்கமும் கொண்டுபோனது அந்தப் பழைய வடிவத்தை. இடறுவது போலத் தோன்றிய ஓர் எழுத்து, விதி தெரிந்ததும் சான்றாகிவிடுகிறது. வெறும் ஒற்றுமையை நம்பியவருக்கு இந்தச் சகரம் சங்கடம். விதியை நம்பியவருக்கு இதுவே பலம். சமஸ்கிருதம் இச்சொல்லைச் 'சிருங்கவேர' என்று எழுதிக் கொம்பு போன்ற உடலுடையது என்று பொருள் சொல்லிக்கொண்டது. இஞ்சிக் கிழங்கைப் பார்த்தால் அதுவும் பொருந்தத்தான் செய்கிறது. பெரும் இலக்கண மரபு கொண்ட மொழியும் 'காசுக்கு எட்டு' போன்ற கதைக்கு ஆசைப்பட்டிருக்கிறது என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

'ஜிஞ்சர்' என்று தொடங்குவதாலேயே எல்லாம் இஞ்சியாகிவிடுவதில்லை. எச்சரிக்கையாக, மெல்லத் தொட்டு ஒன்றைச் செய்வதை ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்லி' என்பார்கள். இஞ்சியின் காரத்துக்குப் பயந்து தொடுவது என்று நாம் விளக்கிவிடலாம். ஆனால் நற்குடிப் பிறந்த, நளினமான என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பதே அறிஞர் முடிவு. தொடக்கத்தில் நடனமாடுவோரின் சிற்றடிகளைத்தான் அது குறித்தது. 'ஜிஞ்சர்பிரெட்' என்ற இனிப்பில் இஞ்சி உண்டு, 'பிரெட்' கிடையாது. பதப்படுத்திய இஞ்சிக்குப் பிரெஞ்சில் இருந்த பெயரின் வால் ஆங்கிலேயர் காதில் 'பிரெட்' என்று விழ, பிறகுதான் பெயருக்கேற்ற பண்டத்தைச் செய்யத் தொடங்கினார்கள். 'கர்ரி'யிலும் இதே கூத்துதான். நம் கறி, 1598இல் லின்ஸ்கோட்டன் பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'கர்ரியல்' என்று தலைகாட்டுகிறது. 1747இல் ஹன்னா கிளாஸின் சமையல் நூலில் இந்திய முறைக் கறிக்குச் செய்முறையே வந்துவிடுகிறது. ஆனால் 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த சுவடிக்கு 'கியூரி' என்ற சொல் கொண்ட தலைப்பு வழங்குவதால், கர்ரி ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லே என்று வாதிடுவோர் உண்டு. அந்தக் 'கியூரி' சமையற்கலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பின்னோக்கிப் போனால் லத்தீன் அடுப்பில் போய் நிற்கும். நம் கறி பின்னோக்கிப் போனால் முசிறித் துறைமுகத்தில் நிற்கும். யவனர் பொன்னைக் கொடுத்து ஏற்றிச்சென்ற மிளகை அகநானூறு கறி என்றே சொல்கிறது. பொய்யொற்றுமையை நம்பி நம்முடையதல்லாததை நாம் எடுத்துக்கொள்வது போலவே, நம்முடையதைப் பிறர் எடுத்துக்கொள்ளவும் முடியும். இரண்டையும் தடுப்பது ஒரே சோதனைதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சொல்லின் பொருள் இன்றைய வழக்கில் இருக்கிறது; செத்துப்போன வடிவங்களைத் தோண்டுவதால் யாருக்கு என்ன லாபம்? தவறான ஒற்றுமையையே ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டால் அது சரியாகிவிடாதா? இந்த மறுப்பில் பாதி உண்மை. ஆங்கிலத்தில் தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' பழைய ஜெர்மானியச் சொல். அதில் 'எஸ்' எழுத்து இருந்ததே இல்லை. சிறுதீவைக் குறிக்கும் 'ஐல்' லத்தீனிலிருந்து வந்தது. அதில் 'எஸ்' பழைய உரிமையோடு இருந்தது. இரண்டும் உறவென்று நம்பிய படித்தவர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஐலண்டுக்கும் ஓர் 'எஸ்'ஸைச் செருகினார்கள். யாரும் உச்சரிக்காத அந்த எழுத்தை நானூறு ஆண்டுகளாகப் பள்ளிப்பிள்ளைகள் மனப்பாடம் செய்துவருகிறார்கள். ஸ்காட்லாந்து மலைகளின் 'டார்மிகன்' என்ற பறவை கேலிக் மொழியில் சாதாரணப் பெயரோடு இருந்தது. 1684இல் ராபர்ட் சிபால்ட் அதை, இறகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு சேர்த்துப்பார்த்து முன்னால் ஒரு 'பி' வைத்துவிட்டார். மணமகனைக் குறிக்கும் 'பிரைட்குரூம்' சொல்லின் பின்பாதி, மனிதன் என்ற பொருளுடைய 'குமா'. அந்தச் சொல் வழக்கொழிந்ததும் மக்கள் பணியாளைக் குறிக்கும் 'குரூம்' என்ற சொல்லை அங்கே பொருத்தினார்கள். இந்தத் தவறுகள் இன்று மொழியின் சட்டம். ஐலண்டில் 'எஸ்' போடாத மாணவனுக்கு மதிப்பெண் கிடைக்காது. வழக்கே வெல்லும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வழக்கு வெல்வது எழுத்திலும் பொருளிலும்தான். இரண்டு சொற்கள் ஒரே வயிற்றில் பிறந்தனவா என்பது நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய கேள்வி. அதைக் கைதூக்கி வாக்கெடுத்துத் தீர்க்க முடியாது.

இரண்டாவது மறுப்பு நமக்கு நெருக்கமானது. ஆங்கில 'எய்ட்' நம் எட்டு, 'ஒன்' நம் ஒன்று; இப்படிப் பட்டியல் நீளும்போது அத்தனையுமா தற்செயல் என்று கேட்பார்கள். எட்டையே எடுத்துக்கொள்வோம். எய்ட் பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்தா'. ஜெர்மனில் 'அஹ்ட்', லத்தீனில் 'ஒக்தோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. பின்னோக்கிப் போகப்போக நடுவில் ஒரு ககரம் கெட்டியாகிறது. தமிழ் எட்டைப் பின்னோக்கி நடத்தினால் எண்பது, எண்ணூறு, எண்திசை என்று ஒரு ணகரம் கெட்டியாகிறது. கன்னடத்தில் அது இன்னும் 'எண்டு'. இன்று கைகோத்து நிற்பவர்கள் ஆயிரம் ஆண்டு பின்னால் போனால் ஒருவர் முகத்தை மற்றவர் அறியார். மனித வாய் எழுப்பும் ஒலிகள் சில. மொழிகளோ பல்லாயிரம், ஒவ்வொன்றிலும் சொற்கள் பல்லாயிரம். குட்டிச் சொற்கள் முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் வியப்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வழங்கிய ம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலச் சொல்லேதான் என்று தோன்றும். அந்த மொழியைப் பதிவுசெய்த ஆர். எம். டபிள்யூ. டிக்சன், பக்கத்து மொழிகளில் நாயைக் குறிக்கும் 'குடக' என்ற வடிவத்திலிருந்து அது முறையான ஒலிமாற்றங்களால் தேய்ந்து வந்ததைக் காட்டினார். ஒரே குடும்பத்துக்குள்ளும் இந்த ஏமாற்று உண்டு. ஆங்கில 'ஹேவ்', லத்தீன் 'ஹபேரே' இரண்டும் வைத்திருத்தல் என்று பொருள்படுபவை, ஆனால் உறவல்ல. லத்தீன் ககரத்துக்கு ஆங்கிலத்தில் ஹகரம் வர வேண்டும் என்பது விதி. கொம்பு அங்கே 'கோர்னு', இங்கே 'ஹார்ன்'. விதிப்படி 'ஹேவ்' சொல்லின் உறவு, பற்றுதலைக் குறிக்கும் லத்தீன் 'கபேரே'. பெட்டியைக் குறிக்கும் 'காப்ஸா'வையும் இதே வேரில்தான் சேர்க்கிறார்கள். ஆக 'ஹேவ்' சொல்லும் ரொக்கக் 'கேஷ்' சொல்லும் தூரத்து உறவினர். பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். அதுபோலவே வீல், சைக்கிள், சமஸ்கிருதச் சக்ர மூன்றும் ஒரே வேரின் கிளைகள். முகம் ஒத்தவர் அந்நியராகவும் முகம் ஒவ்வாதவர் உடன்பிறந்தவராகவும் இருக்கும் உலகம் இது.

'இந்த விதிகளை வகுத்தவர்கள் ஐரோப்பியர்கள். அவர்களும் அவர்கள் வழிவந்த அகராதிக்காரர்களும் தமிழுக்கு உரியதைச் சமஸ்கிருதத்துக்குத் தூக்கிக் கொடுத்தவர்கள்' என்பது மூன்றாவது மறுப்பு. இதை உணர்ச்சிவசம் என்று ஒதுக்குவது தவறு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பல சொற்களுக்குத் தேவையில்லாமல் வடமொழி மூலம் காட்டியது என்று தேவநேயப் பாவாணர் வாழ்நாள் முழுதும் வழக்காடினார். அந்த வழக்கில் அவர் பக்கம் வலுவான இடங்கள் உண்டு. ஆனால் ஒருபுறம் சாய்ந்த தராசை நிமிர்த்த, இன்னொரு தட்டில் கையை வைத்து அழுத்தக் கூடாது. உலக முதன்மொழி தமிழ் என்ற தம் முடிவுக்காக இன்றைய வடிவங்களின் ஒப்புமையை அவர் நம்பிய இடங்களில், வடமொழிக்காரர் இஞ்சியில் கொம்பைக் கண்ட அதே வழுக்குப்பாறையில் அவரும் கால்வைத்தார். 1816இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் தெலுங்கும் தமிழும் கன்னடமும் தனிக்குடும்பம் என்று நிறுவியது, சில சொற்கள் ஒத்திருப்பதைக் காட்டி அல்ல. வடமொழிச் சொற்களைக் கழித்த பிறகும் வேர்களும் அமைப்பும் நிற்கின்றன என்று காட்டி. தமிழின் தனித்தன்மைக்கு இன்றுவரை அசையாத அடித்தளமாக இருப்பது அந்தக் கறாரான முறை. அதே முறைதான் இஞ்சியையும் கறியையும் காசையும் ஆங்கில அகராதிகளில் நம் பெயரில் ஏற்றியிருக்கிறது. எட்டைச் சேர்க்க ஆசைப்பட்டு முறையையே தளர்த்தினால், இஞ்சியை நம்ப யாருக்கும் காரணம் இராது.

சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்ற காரணம் பார்த்த மாத்திரத்தில் புலப்படாது என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லிவைத்தார். காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. விழித்த கண்ணுக்கு முன்னால் அது வந்து நிற்காது என்றார். கேஷ்யூ நட்டின் கதை அதை விழித்த கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தப் பார்த்தது. அந்தக் கூவலை இப்போது மறுபடி கேட்டுப் பார்க்கலாம். அதில் இருப்பவை இரண்டே சொற்கள். காசு உண்மையாகவே கப்பலேறியது. பர்மிங்காம் செப்பில் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டு, இங்கிலாந்துக் கடலடியில் பதினேழு பத்தாண்டுகளுக்கு மேல் கிடந்து வெளிவந்தது. எட்டு எங்கும் போகவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறது. காதுக்கு இரண்டும் ஒரேபோல ஆங்கிலமாகத்தான் ஒலிக்கின்றன.